மதியம்வரை மௌனம்

ஒரு காட்டில் ஒரு கல் இருந்தது. மிருகங்களும் இருந்தன. ஆனால் அந்தக் காட்டில் கல்லுக்குத்தான் மரியாதை அதிகம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல் வந்தது முள்ளம்பன்றிகளால். பத்து வருடங்களுக்கு முன்பு மேற்குச் சரிவில் வாழ்ந்த முள்ளம்பன்றிகளைக் கழுதைப்புலிகள் ஒரே கோடையில் ஒன்று விடாமல் தீர்த்துக்கட்டின. அது நடந்துகொண்டிருந்தபோது சுற்றியிருந்த ஏழு காடுகளுக்கும் வேறு வேலை இருந்தது. முடிந்த பிறகு எல்லோருக்கும் நேரம் கிடைத்தது. கூடினார்கள், அழுதார்கள், ஏழுகாட்டுப் பேரவை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். மரங்கொத்தியைக் கூப்பிட்டு, 'இனி ஒருபோதும் நடக்க விடமாட்டோம்' என்று ஒரு கல்லில் கொத்தச் சொன்னார்கள். மரங்கொத்திக்குக் கல்லில் பழக்கமில்லை, அலகு தேய்ந்துவிட்டது. அந்தப் படுகொலையில் பேரவைத் தரப்புக்கு ஏற்பட்ட சேதம் அது ஒன்றுதான்.

வருடாவருடம் அதே நாளில் கல்லைச் சுற்றி நின்று மௌனம் காப்பது வழக்கம். முதல் வருடம் ஒரு நிமிடம். ஒரு நிமிடம் என்பது முள்ளம்பன்றிகளுக்குச் செய்யும் அவமானம் என்று கரடி சொன்னதால் அடுத்த வருடம் பத்து நிமிடம். பத்தெல்லாம் ஒரு துக்கமா என்று காட்டெருமை கேட்டதால் ஒரு மணி நேரம். இப்படியே வளர்ந்து, இந்தக் கதை நடக்கும் வருடத்தில் சூரிய உதயத்திலிருந்து உச்சி வெயில்வரை மௌனம்.

அன்று காலை, மௌனம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், மூக்காயி என்கிற முயல் மூச்சு வாங்க ஓடி வந்தாள். முன்னங்காலில் ஒரு செல்பேசியைக் கட்டியிருந்தாள்.

"ஐயா! எங்க கோரைமேட்டுல..."

"உஷ்!" என்றது கொக்கு. பேரவையின் செயலாளர். ஒற்றைக்காலில் நின்றது. அது துக்கத்துக்காகவா, பழக்கத்தாலா என்று சொல்ல முடியாது. "மௌனம் நடக்குது, தெரியலையாம்மா?"

மூக்காயி குரலைத் தாழ்த்தினாள். "செந்நாய்ங்க வந்திருக்கு. ஆறு நாளாச்சு. புதர் புதரா வருது."

"பசிக்கு வந்திருப்பாங்க. அதெல்லாம் இயற்கைம்மா."

"பசின்னா ஒண்ணைக் கவ்விட்டுப் போயிருமே ஐயா. இதுங்க தின்னக்கூட இல்லை. கொன்னு போட்டுட்டு அடுத்த புதருக்குப் போகுது. குட்டிங்களைத்தான் முதல்ல. முயல்னு ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டே வருது."

மிச்சமிருந்த இருநூறு முயல்களும் ஓடைக்கரையில் ஒதுங்கியிருந்தன. ஓடையில் வெள்ளம். மூக்காயியின் மூன்று குட்டிகளும் அவள் தங்கை பேச்சியிடம் அங்கேதான் இருந்தன.

"நாலு யானை வந்து ஓடையில வரிசையா நின்னா போதும்யா. தண்ணி வேகம் குறையும், நாங்க காலிடுக்குல புகுந்து தாண்டிருவோம். சண்டை கிண்டை எதுவும் வேணாம். சும்மா நின்னா போதும். இங்க நிக்கிற மாதிரியே."

கொக்கு யோசித்தது. பிறகு இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை உருவியது. "இனஅழிப்புப் புகாருக்கு இதுதான். நிரப்பிக் கொடுங்க."

முதல் கட்டம்: இனத்தின் பெயர். எழுதினாள். இரண்டாவது கட்டம்: கடைசி உறுப்பினர் இறந்த தேதி.

"கடைசி ஆள் இன்னும் சாகலையே ஐயா."

"அப்ப இது முழுமையடையாத விண்ணப்பம். உங்களையே பாருங்க, நல்லா ஓடியாடித்தானே வந்திருக்கீங்க? சரி, வந்துட்டீங்க. மௌனம் முடிஞ்சதும் முதல் ஆளா உங்களைப் பேச விடறேன். இந்தாங்க, டோக்கன் நம்பர் ஒண்ணு."

அப்போது செல்பேசி துடித்தது. மூக்காயி அதைக் கொக்கின் காதருகே பிடித்தாள். பேச்சியின் குரல் கேட்டது: "அக்கா, ஈச்சம்புதரும் முடிஞ்சுது. உம் பிள்ளைங்க எங்கிட்டதான் இருக்கு, பயப்படாத. யானை கிளம்பிட்டாங்களா?"

"செல்பேசிக்கு இங்க அனுமதி இல்லை" என்றது கொக்கு. அலகால் அதைப் பிடுங்கி, கல்லின் அடியில் இருந்த மூங்கில் தட்டில், மற்றவர்களுடைய செல்பேசிகளோடு போட்டது.

மூக்காயி பொறுக்க முடியாமல் கத்தினாள். "யானை அண்ணே! ஒரு நாழி நடைதானே! வாங்களேன்!"

நூறு வாய்கள் ஒன்றாக 'உஷ்' என்றன. அந்தச் சத்தம் அவள் கத்தலைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்தில் நின்ற மான் கண்ணீரோடு அவள் காதில் சொன்னது: "பாவம் தங்கச்சி, முள்ளம்பன்றிங்க. அவங்களை நினைச்சாவது கொஞ்சம் பேசாம இரேன்."

முதல் வரிசையில் செந்நாய்களின் பிரதிநிதியும் நின்றார். அவரும் பேரவை உறுப்பினர்தான். தலையைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். அன்று அங்கிருந்த மௌனங்களிலேயே மிகச் சுத்தமானது அவருடையது. வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை முடி தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

யானை இல்லாமல் திரும்பிப் போய் ஒரு பயனும் இல்லை. டோக்கனைக் கவ்விக்கொண்டு மூக்காயி உட்கார்ந்தாள்.

தட்டில் செல்பேசி துடித்தது. மூங்கிலில் பட்டு 'டர்ர்ர்' என்றது. பேரவைத் தலைவர் யானை ஒரு கண்ணைத் திறந்து முறைத்தது. மறுபடி துடித்தது. கரடி தொண்டையைச் செருமியது. ஒவ்வொரு முறையும் தட்டு கொஞ்சம் நகர்ந்தது. மூக்காயியின் காதும் கூடவே நிமிர்ந்தது. அவள் தட்டுப் பக்கம் ஒரு அடி வைத்தாள். கொக்கு அதே ஒற்றைக்காலில் தத்தி வந்து குறுக்கே நின்றது.

வெயில் ஏறியது. துடிப்பு நெருக்கி நெருக்கி வந்தது. பிறகு ஒரு முறை, நீளமாக. அதற்குப் பிறகு இல்லை.

கொக்கு நிம்மதியாகக் காலை மாற்றிக்கொண்டது. "அப்பாடா. இப்பதான் மௌனம் மாதிரி இருக்கு."

உச்சி வெயிலில் கொம்பு ஊதினார்கள். தலைவர் யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பத்து வருஷத்துல இதுதான் ரொம்ப ஆழமான மௌனம்" என்றது. எல்லோரும் ஆமோதித்தார்கள்.

"டோக்கன் நம்பர் ஒண்ணு!" என்று கூப்பிட்டது கொக்கு.

மூக்காயி பேச வரவில்லை. தட்டுக்குப் போய்ச் செல்பேசியை எடுத்து, கடைசியாக வந்த குரல்செய்தியை மட்டும் போட்டுக் கேட்டாள். சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, யானை கிளம்பிட்டாங்களான்னு மட்டும் சொல்லு. இல்லேன்னா பிள்ளைங்களைத் தண்ணியில விட்டுருதேன். செந்நாய்ங்க பல்லுக்குத் தண்ணி தேவலாம்."

தலைவர் யானை அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னது: "எங்களுக்கும் மனசு இருக்கும்மா. ஆனா நாங்க உப்பு நக்குற தரை செந்நாய்ங்க பக்கம்ல இருக்கு? அவங்களைப் பகைச்சுக்கிட்டா எங்க குட்டிகளுக்கு உப்பு ஏது?"

பேரவை உடனே கூடியது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அவ்வளவு வேகம். கொக்கு படிவத்தின் இரண்டாவது கட்டத்தைத் தானே நிரப்பப் போய், மூக்காயி உயிரோடு நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டு, தேதியைப் பென்சிலால் எழுதியது. முள்ளம்பன்றிகளுக்குக் கீழே முயல்களின் பெயரையும் கொத்த மரங்கொத்திக்கு உத்தரவு போனது. அடுத்த வருடம் முதல் மௌனம் பொழுது சாயும்வரை என்று தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் செந்நாய்ப் பிரதிநிதி. அவர் குரல் தழுதழுத்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் மூக்காயி.

"ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றது கொக்கு.

மூக்காயி கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"காலையிலயே இதைப் பிடுங்கி ஓடையில போட்டிருந்தீங்கன்னா, எம் பிள்ளைங்க கால் வைக்க ஒரு இடமாவது இருந்திருக்கும்."

"கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று எழுதிக்கொண்டது கொக்கு.

நீதி: அழியப்போகும் இனம், ஏற்கெனவே அழிந்த இனத்தின் நினைவு நாளில் அழியக் கூடாது. அன்று உலகம் ரொம்பத் துக்கத்தில் இருக்கும்.