டஜன் அண்ணன் கட்டிய சமையல் மூட்டை

இந்த உலகத்தில் உப்பு எங்கே இருக்கிறது என்பதை எந்த நேரமும் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆண்பிள்ளை, எங்கள் டஜன் அண்ணன்தான்.

அறுபதுகளில் காதர்பேட்டைப் பனியன் கம்பெனி ஒன்றில் எனக்குக் கட்டிங் மேசை, அவருக்குப் பேக்கிங். பனியன்களை டஜன் டஜனாகக் கட்டிக் கட்டி, மனிதருக்கு வேறு எண்ணிக்கையே மறந்துவிட்டது. "குழந்தைங்க எத்தனைங்க?" என்று கேட்டால், "கால் டஜனுங்க" என்பார். அப்படித்தான் பேர் வந்தது.

பொங்கல் விடுமுறையில் நாங்கள் பன்னிரண்டு பேர் ரயிலேறிக் கொடுமுடி போவோம். அங்கே பரிசலில் காவிரியைத் தாண்டி, நடு ஆற்று மணல்திட்டில் சமைத்துச் சாப்பிடுவோம். முதல் வருடம் தீப்பெட்டியை மறந்தோம். அடுத்த வருடம் உப்பையும் கரண்டியையும் மறந்தோம். பரிசல்காரரின் துடுப்பை வாங்கிச் சாம்பாரைக் கிண்டியதில், சாம்பார் முழுக்கக் கெண்டை மீன் வாசம். எங்கள் மேஸ்திரி சுத்த சைவம். அன்று பட்டினி கிடந்த அவர்தான், மூன்றாம் வருடம் டஜன் அண்ணனிடம் போய் நின்றார்.

"ஏனுங்க, சாமானெல்லாம் நீங்க கட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். கூடவே வந்துருங்க."

"லிஸ்ட்டு போட்டர்லாமுங்க" என்றார் அண்ணன், முகமெல்லாம் மலர்ந்து.

ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு வேளையெல்லாம் பேக்கிங் அறையில் இதே வேலை. பாத்திரம் உரசி நசுங்கக் கூடாதென்று, தையல் கோணலானதால் கழித்துப் போட்ட பனியன்களை ஒவ்வொன்றுக்கும் மாட்டினார். அண்டாவுக்கு முப்பத்தாறு இன்ச். சொம்புக்குக் குழந்தை சைஸ். அண்டாவுக்குள் குண்டா, குண்டாவுக்குள் வாணலி, வாணலிக்குள் புளி. எல்லாவற்றுக்கும் சீட்டு.

மேஸ்திரி அண்ணன் கண்ணைத் துண்டால் கட்டிப் பரீட்சை வைத்தார்.

"சீரகம்!"

"ரெண்டாம் பெட்டி. மொளகுக்குத் தெக்காலீங்க."

பரீட்சை பார்த்த தையல்காரர்கள் கை தட்டினார்கள்.

ரயில் ஊத்துக்குளியில் நின்றபோது ஒரு சின்னச் சிக்கல். மேஸ்திரி ஆசையாக வெண்ணெய் வாங்கிவிட்டார். "இது லிஸ்ட்டுல இல்லீங்களே" என்று அண்ணன் வெலவெலத்துப் போனார். ஈரோடு வரை அந்த வெண்ணெயைத் திருட்டுச் சாமானைப் போலப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு பென்சிலை எடுத்து, லிஸ்ட்டின் கடைசியில் 'எதிர்பாராதது' என்று ஒரு தலைப்புப் போட்டு எழுதிய பிறகுதான் காபி குடித்தார்.

ஆற்றில் அன்று தண்ணீர் வேகம். எங்கள் பரிசல் முன்னால் போய்த் திட்டில் ஒதுங்கியது. பின்னால் வந்த பரிசலில் சாமான், அண்ணன், பரிசல்காரர். திட்டுக்கு நாலு ஆள் தூரம் இருக்கையில் அது பாறையில் மோதி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது.

"பாரத்தைக் கொறைங்க சாமி! அந்த இரும்படுப்பத் தூக்கி வீசுங்க!" என்று கத்தினார் பரிசல்காரர்.

"ஒரு அடுப்புதானுங்க இருக்குது!"

"அப்ப அண்டாவ வீசுங்க!"

"அதுக்குள்ளதானுங்க புளி!"

"எதையாச்சும் வீசுங்க சாமி, முழுகப் போறோம்!"

அண்ணன் லிஸ்ட்டை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார். மடித்துப் பரிசல்காரர் மடியில் செருகினார். "இதுல இல்லாத பாரம் நான் ஒருத்தந்தானுங்க" என்று சொல்லிவிட்டு ஆற்றில் குதித்தார்.

அவருக்கு நீச்சல் தெரியாது.

அவருடைய துண்டு மட்டும் மிதந்து போனது. மேஸ்திரி வேட்டியோடு தண்ணீரில் பாய்ந்தார். அதற்குள் பாறைக்கு இந்தப் பக்கம் அண்ணன் இருமிக்கொண்டே எழுந்து நின்றார். தண்ணீர் அவர் நெஞ்சளவுதான். பாரம் குறைந்த பரிசல் நிமிர்ந்து, பாறையை விட்டு நழுவித் திட்டுக்கு வந்தது. மேஸ்திரி அண்ணனைக் கட்டிப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்.

அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "பருப்பு நனையலீங்களே?"

"பருப்பு கெடக்குதுங்க! உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா, உங்க ஊட்டுல போயி என்னன்னு சொல்றது?" என்று மேஸ்திரி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். நாங்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

பருப்பு நனையவில்லை. தீப்பெட்டி கூட மெழுகுத் தாளுக்குள் காய்ந்து கிடந்தது. வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் சோறும் சாம்பாரும் ஆயிற்று. வெண்ணெயை உருக்கியதில் திட்டே மணத்தது. அண்ணன் ஈர வேட்டியோடு தட்டுகளைப் பரப்பினார். பன்னிரண்டு தட்டு. நாங்களோ அவரோடு பதின்மூன்று பேர்.

"உங்க தட்டு எங்கீங்க?" என்று கேட்டேன்.

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "அட, என்னைய மறந்துட்டனுங்க" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

மேஸ்திரி தன் தட்டைத் தூக்கி அண்ணன் முன்னால் வைத்தார், சோறு போட்டார், நெய்யை ஊற்றினார். அண்ணன் முதல் வாய் உண்ணும்வரை, நாங்கள் யாரும் தட்டில் கை வைக்கவில்லை.