குழுவிலிருந்து நீக்கப்பட்ட பெரியப்பா எழுதுவது

முட்டம்,
14.3.2016

அன்புள்ள மகன் பிரைட்டனுக்கு, உன் பெரியப்பா ஏசுஅடிமை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் பெரியம்மா தேவகனியும் சுகம். எனக்குச் சர்க்கரை, அவளுக்கு மூட்டுவலி, மற்றபடி ஒரு குறையும் இல்லை. தோகாவில் நீயும் மருமகள் ஜினிஷாவும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது பெரியப்பா ஏன் பேனாவைத் தூக்கினார் என்று நீ திகைக்கலாம். வாட்ஸ்அப்பில், நம் குடும்பக் குழுவில், எனக்கு இடமில்லாமல் செய்தவன் நீதான். போன் செய்தால் பாதியில் வைத்துவிடுவாய். ஆகவே உட்கார்ந்து படி. வியாழக்கிழமை காலை பூசை முடிந்து வந்து போனைத் திறந்தால், ‘பிரைட்டன் உங்களை நீக்கினார்’ என்று மூன்று வார்த்தை. ஐஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். முதலாளிகூட என்னை நீக்கியதில்லை.

காரணங்களை உன் அப்பா ஜான்ரோஸ் வந்து சொன்னான். தினமும் காலையில் பத்துப் பழைய பாட்டு அனுப்பி எல்லார் போனையும் நிரப்புகிறேனாம். ஆமாம், அனுப்பினேன். உன் தங்கை ஜெமியின் நிச்சயதார்த்தத்தன்று எல்லாரும் வாழ்த்துப் போட்டுக்கொண்டிருக்க, கைவிட்டுப் போன காதலனை நினைத்துக் கதாநாயகி மழையில் நின்று அழுகிற பாட்டை அனுப்பினேனாம். அதில் வருகிற வயலினுக்காக அனுப்பினேன், வார்த்தையை யார் பார்த்தார்கள்? அஞ்சுகிராமத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் போட்டு, “பொண்ணுக்கு மனசுல வேற யாரும் உண்டுமா?” என்று கேட்டது உண்மைதான். கல்யாணம் நடந்ததா இல்லையா? நடந்தது. பிறகென்ன? தவக்காலத்தில், சிலுவைப்பாதைக்கு யார் யார் வரவேண்டும் என்று பட்டியல் போட்டிருந்த எங்கள் தெருக் குடும்பங்களின் அன்பியக் குழுவில், கதாநாயகனும் கதாநாயகியும் தோட்டத்தில் ஓடிப்பிடிக்கிற பாட்டு கைதவறிப் போய்விட்டது. பங்குத்தந்தை ஒரு கும்பிடு மட்டும் போட்டார். அன்பியத் தலைவர் ஞானசிங் நேரில் வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, தவக்காலமாக்கும்.”

“பாட்ட முழுசா கேட்டீரா?”

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு தடவ கேட்டேன்.”

இதெல்லாம் ஒப்புக்குச் சொல்கிற காரணம் மக்கா. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அனுப்புகிற பாட்டை ஒருத்தரும் திறப்பதில்லை என்று, புதன்கிழமை நானே பாடிப் பதிவு செய்து அனுப்பினேன். இரண்டாவது சரணத்தில் அடுக்களையிலிருந்து உன் பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரியிடம், “ஜான்ரோஸுக்க பெண்டாட்டி வச்ச மீன்கொழம்ப வாயில வைக்க முடியுமாட்டி?” என்று சொன்னது விழுந்துவிட்டது. அந்தப் பதிவு முழுவதிலும் சுருதி சுத்தமாக இருந்தது அவள் குரல்தான். உன் அம்மா அழுதாள், நீ என்னை நீக்கினாய். குற்றம் குழம்புக்கு, தண்டனை பாட்டுக்கா?

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்தக் காலத்துப் பாட்டில் வீணை தனியாகத் தொடங்கும், பாடுகிறவள் மூச்செடுப்பதுகூடக் கேட்கும், அடுத்த வரிக்கு முன்னால் அரை நொடி எல்லாரும் சும்மா இருப்பார்கள். அந்த அரை நொடியைக் கேட்கத்தான் அனுப்பினேன். நீ குட்மார்னிங் பூங்கொத்து அனுப்பலாம், நான் இதை அனுப்பக் கூடாதா?

இன்னும் கேள். தேங்காய்ப்பட்டணத்தில் இருக்கிற என் அக்கா ரீத்தா, உன் பெரிய அத்தை, என்னோடு பேசி ஒன்பது வருடம். என் மகள் அபினா கல்யாண அழைப்பிதழில் அத்தான் பெயரை அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான், நானும் கவனிக்கவில்லை. அன்றைக்குப் பந்தியிலிருந்து எழுந்து போனவள். அத்தான் அடக்கத்துக்குப் போனபோதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் பேத்தி அவளை நம் குழுவில் சேர்த்ததே எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில் போன் அடித்தது.

“ஏலே, பாட்டு எங்கல?”

அக்கா குரல்தான், போனோடு எழுந்து நின்றுவிட்டேன்.

“ரெண்டு நாளா ஒண்ணும் காணல. நீ செத்தா போன? பாட்டு கேக்காம எனக்குக் காலத்த காப்பி எறங்கல்ல.”

“என்ன நீக்கிப்போட்டானுவ அக்கா.”

“எவன்ல அவன்?” என்றாள். உன் பெயரைச் சொன்னேன், அதையும் மறைக்க மாட்டேன். பிறகு, “நீ பாடி அனுப்புனியே, ரெண்டாவது சரணம் தப்பாக்கும்” என்று அவளே பாடிக்காட்டினாள். நானும் சேர்ந்துகொண்டேன். எழுபத்தோரு வயது அவளுக்கு, நடுவில் இருமல் வேறு. அழைப்பிதழைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. குருத்து ஞாயிறுக்கு முட்டம் வருகிறாள். உன் பெரியம்மா இப்போதே நெய்மீனுக்குச் சொல்லிவைத்துவிட்டாள்.

ஆகவே மகனே, உன் குழு உனக்கே இருக்கட்டும். நேற்று அக்காவும் நானும் தனிக் குழு தொடங்கிவிட்டோம், நான்தான் அட்மின். இங்கே யாரும் யாரையும் நீக்க மாட்டார்கள் என்பதே முதல் சட்டம். உன் அம்மாவிடம் குழம்பு நன்றாகவே இருந்தது என்று சொல். ஜினிஷாவுக்கு என் ஆசீர். மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
பணியாத பெரியப்பா,
ஏசுஅடிமை

பி.கு.: உறையை ஒட்டும் முன் எழுதுகிறேன். இன்று விடியற்காலையிலிருந்து அக்கா முப்பத்தேழு பாட்டு அனுப்பிவிட்டாள், எல்லாம் அவளே பாடியவை. ஒவ்வொன்றுக்கும், கேட்டேனா என்று போனும் போடுகிறாள். நிறுத்து என்றால் இன்னும் ஒன்பது வருடம் பேசமாட்டாள். குழுவிலிருந்து ஒருவரை, அவருக்குத் தெரியாமல் எப்படி நீக்குவது? கடிதம் கிடைத்ததும் போன் செய்.