மூன்றாம் வரிசைப் பயிற்சியாளர்

ஒரு கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு எத்தனை பயிற்சியாளர்கள் என்று கேட்டால், ஒருவர் என்பீர்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறீர்கள். ஒரு நாள் ஆட்டத்துக்கு வந்து பாருங்கள். களத்தின் ஓரத்தில் கையில் அட்டையும் கழுத்தில் விசிலுமாக, அனாவசியமாக வாயைத் திறக்காமல் ஒருவர் நிற்கிறாரே, அவர் சம்பளம் வாங்குபவர். அவருக்குப் பின்னால், பார்வையாளர் பகுதியின் மூன்றாவது வரிசையில், முன்சீட்டுக்காரரின் தலைக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தொண்டை கட்ட, உட்காரவும் மனமில்லாமல் நிற்கவும் விடப்படாமல் இன்னொருவர் தவித்துக்கொண்டிருப்பார். உண்மையான பயிற்சியாளர் அவர்தான். அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

ஏன் மூன்றாவது வரிசை என்கிறீர்களா? முதல் வரிசையில் பந்து வந்து மூக்கில் விழும். இரண்டாவது வரிசையைக் கல்லூரி முதல்வருக்கும் அவருடைய விருந்தாளிகளுக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். நான்காவது வரிசையிலிருந்து கத்தினால் நடுவர் காதில் விழாது. இதெல்லாம் அனுபவத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இந்த இனத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மகன் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறான், அணியில் இருக்கிறான். அப்பாவும் ஒரு காலத்தில் அதே அணியில் இருந்தவர்தான். ஆதாரம் கடைச் சுவரில் தொங்குகிறது. பதினொரு பேர் மார்பை நிமிர்த்தி நிற்கும் அந்தப் புகைப்படத்தின் ஓரத்தில், மடியில் எல்லோருடைய துண்டுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அந்த ஆண்டு முழுவதும் அவர் களத்தில் இருந்தது நான்கு நிமிடம். அதிலும் இரண்டு நிமிடம் விளக்கு அணைந்து ஆட்டம் நின்றிருந்தது.

பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். துண்டு பிடித்தவனுக்குத்தான் ஆட்டம் முழுதாகத் தெரியும் என்பது அவருடைய கட்சி. ஆடுகிறவனுக்குப் பந்து மட்டும்தானே தெரியும்?

இந்தப் பருவத்தில் மொத்தம் பன்னிரண்டு ஆட்டங்கள். பன்னிரண்டுக்கும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் பூட்டிய கதவில் தொங்கும் அறிவிப்பைப் படிக்க முடியாமல் திரும்பிப் போனார்கள். இங்கே இவர் நடுவரைப் பார்த்து, "சார், கடைக்கு வாங்க சார்! ஃப்ரீயா செக் பண்றேன்! உங்களுக்குக் கண்ணாடி இல்லை சார், பைனாகுலர் வேணும்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த நடுவரே கண்ணாடிக் கால் கழன்றுபோய்க் கடைக்கு வந்தது தனிக்கதை. "உட்காருங்க சார், என்ன சாப்பிடறீங்க?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, திருகாணி மாட்டி, வாசல் வரை வந்து வழியனுப்பினார். பைனாகுலர் பேச்சே எழவில்லை.

ஆட்டத்துக்கு அவர் தரும் உத்தரவுகள் மொத்தம் மூன்று. "பாஸ் குடு!" என்பது ஒன்று. "போடு!" என்பது இரண்டு. "ஏண்டா போட்டே?" என்பது மூன்று. பின்னிரண்டும் பெரும்பாலும் ஒரே பந்துக்கு உரியவை. ஜெயித்த நாளில், "பின்னிட்டோம்ல!" என்பார். தோற்ற நாளில், "கெடுத்துட்டானுங்க" என்பார். அணியோடு அவருக்குள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது, வேண்டும்போது விலகிக்கொள்ளும் வசதியோடு.

ஆட்டம் அரங்கத்தில் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் அவர் வீட்டில் சாப்பிட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் எதிரணியாக ஐந்து டம்ளர்கள் அணிவகுக்கும். தண்ணீர்க் கூஜாதான் நெட்டையன், அதாவது கூடைக்கடியில் நிற்கிற ஆறரை அடிப் பையன். உப்பு ஜாடிதான் மகன்.

"இப்போ கூஜா இங்க நிக்கிறான். நீ இப்படி உள்ள வந்திருக்கணும். வந்தியா? வரலை!"

"அந்த உப்பு ஆடி முடிச்சதும் இந்தப் பக்கம் தள்ளுங்க, குழம்புல கம்மியா இருக்கு" என்பாள் மனைவி.

மகன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஏழு வயதிலிருந்து இந்த உப்பு ஜாடியாகவே வளர்ந்தவன் அவன். வீட்டு வாசலில் அப்பா மாட்டிக்கொடுத்த வளையத்தில், அப்பா "போடு" என்றால் போட்டு, "நில்" என்றால் நின்று பழகியவன்.

இனி அந்தப் பருவத்தின் புகழ்பெற்ற சம்பவத்துக்கு வருவோம். இரண்டாவது ஆட்டம். நம் பையன்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருக்கிறார்கள். பந்து எதிரணியிடம். பலகைக் கடிகாரத்தில் இன்னும் எட்டு வினாடி. எதிரணிப் பையன் நிதானமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான். மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தது ஒரு குரல்: "நாலு! மூணு! ரெண்டு!" பாவம், வெளியூர்ப் பையன். நேரம் முடிந்துவிட்டது என்று பதறி, நின்ற இடத்திலிருந்தே வீசினான். பந்து கூடைக்கு ஒரு கஜம் தள்ளி விழுந்தது. நாம் ஜெயித்தோம்.

அணித்தலைவன் மேலே ஏறி வந்து அவரைக் கட்டிப்பிடித்தான். மாணவர்கள் "அங்கிள்! அங்கிள்!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டும் முன்னால் அந்த எட்டு வினாடியைக் காட்டினார். பிறகு எதிரணி கையில் பந்து இருக்கும் கடைசி நேரமெல்லாம் கள்ளக் கணக்குதான். இரண்டு ஆட்டங்களில் பலித்தது. பலிக்காத ஆட்டங்களில், "காலேஜ் போர்டு ஓடுறதே லேட்டு. என் கைக்கடிகாரம்தான் கரெக்ட்" என்றார். இதை வீட்டில், கடையில், தெருவில், மகன் ஷூ மாட்டும்போது, கழற்றும்போது என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

ஆறாவது ஆட்டம் முடிந்ததும் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் படியேறி வந்தார். மெதுவாகப் பேசுகிறவர்.

"சார், பையன் நல்லா ஆடறான். ஆனா நான் ஒண்ணு சொன்னா, உடனே திரும்பி மேல பார்க்கிறான். நீங்க சரின்னா செய்யறான். நான் எப்படி சார் ஆட வைக்கிறது?"

"உங்களுக்கு ஒரு உதவியா இருக்கட்டுமேன்னுதான் சார்."

"அந்த உதவியை மட்டும் கொஞ்சம் நிறுத்திக்குங்க சார்."

இவர் நிறுத்தவில்லை. பயிற்சியாளர் மகனை நிறுத்தினார். ஏழாவது ஆட்டத்திலிருந்து அவன் பெஞ்சில். பருவம் பாதி போய்விட்டது, கடைசி ஆண்டு வேறு. மகன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டுகளை மடித்தான். அப்பா பேசினார். "பொறாமை. எனக்கு ஆட்டம் தெரியுதுன்னு அந்த ஆளுக்குப் பொறாமை." இதற்கு மருந்து உண்டா, சொல்லுங்கள்.

மகன் பெஞ்சில் இருக்க, அணி ஜெயித்துக்கொண்டே போய் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. கல்லூரி இறுதிப் போட்டியைப் பார்த்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. முந்தின நாள் காலை மகன் கடைக்கு வந்தான். எழுத்துப் பலகைக்கு முன்னால் வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்பா, நாளைக்கு ஒருவேளை என்னை இறக்குவேன்னு கோச் சொல்லியிருக்காரு."

"எனக்குத் தெரியும்டா! முதல்ல நீ என்ன பண்றேன்னா..."

"நீங்க வாங்க. ஆனா பேசாதீங்கப்பா. ஒரே ஒரு நாள்."

மகன் இதுவரை தன்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "சரிடா" என்றார். மனதாரத்தான் சொன்னார், அதில் சந்தேகம் வேண்டாம்.

இறுதிப் போட்டியன்று மனைவியும் கூடவே வந்தாள், அரைக்கிலோ வேர்க்கடலையோடு. "வாய் காலியா இருந்தாத்தானே பேசும்" என்பது அவள் கணக்கு. முதல் பாதியில் நடுவர் ஒரு தவறான தீர்ப்புச் சொன்னார். இரண்டு கைப்பிடி கடலை உள்ளே போனது. நெட்டையன் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டான், நான்கு கைப்பிடி. பக்கத்து இருக்கைக்காரர் கவலையோடு, "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்று விசாரித்தார்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில், அணியின் முக்கிய ஆட்டக்காரன் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறினான். பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்துக் கையசைத்தார். மகன் இறங்கினான். இறங்கியவன் எப்படி ஆடினான் என்கிறீர்கள்! இரண்டு முறை கூடையில் போட்டான், ஒருமுறை எதிரணிக்காரன் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தான். அத்தனை நேரத்தில் ஒரு தடவைகூட மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வருத்தமும் இருந்தது. உண்மையைச் சொன்னால் வருத்தம்தான் ஒரு பிடி கூடுதல்.

அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று. சமநிலை. பதினொரு வினாடி. பயிற்சியாளர் டைம் அவுட் எடுத்துச் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: மகன் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும், நான்கு வினாடி இருக்கும்போது நெட்டையனுக்குக் கொடுக்க வேண்டும், நெட்டையன் போட வேண்டும். போட்டால் கோப்பை. தவறினாலும் கூடுதல் நேரம் ஆடலாம்.

விசில் ஒலித்தது. மகன் பந்தைத் தட்டினான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மனைவி பையைத் துழாவினாள். உள்ளே வெறும் தோல். கண்ணாடிக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றது அவருக்கே தெரியாது. பலகையில் ஒன்பது என்று இருக்கும்போது, அவர் தொண்டையிலிருந்து, பருவம் முழுக்கப் பழகிய அதே வேகத்தில், அதே தாளத்தில் வந்தது: "நாலு! மூணு! ரெண்டு!"

மகன் தலையைத் தூக்கினான். நெட்டையன் அப்போது கூடைக்குப் பக்கத்தில்கூட இல்லை. மகன் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னாலிருந்து பந்தை வீசினான். அது கூடையின் பலகையில் மோதித் திரும்பியது. எதிரணிக்காரன் பிடித்தான், ஓடினான். இன்னும் ஐந்து வினாடி மிச்சமிருந்தது. ஓடிப்போய்க் கூடையில் போட அது தாராளமாகப் போதும், போட்டுவிட்டான்.

அறுபத்தொன்று, அறுபத்துமூன்று. முடிந்தது.

வீடு திரும்பும்வரை கண்ணாடிக்கடைக்காரர் மனதுக்குள் ஓர் அறிக்கை தயாரித்தார். டைம் அவுட் தப்பு, நெட்டையன் நின்ற இடம் தப்பு, பயிற்சியாளரின் திட்டமே தப்பு. மகன் வந்தான். பையைக் கீழே வைத்தான். ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஏண்டா, போர்டைப் பார்க்கலியா?" என்றார் அப்பா. கேட்கக்கூடாது என்று நினைத்த கேள்விதான் முதலில் வந்தது.

"பார்த்தேன்பா. ஒன்பதுன்னு இருந்தது. போர்டு லேட்டுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"அது... வாய்ல வந்துடுச்சுடா. அந்தக் கள்ளக் கணக்கு."

"அது அவங்களுக்குத்தானேப்பா? எனக்குச் சரியா சொல்வீங்கன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பதில் அவரிடம் எப்போதும் இருக்கும். அவன் கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது டம்ளர்கள் அலமாரியிலேயே இருந்தன. உப்பு ஜாடியை எடுத்து, தன்னால் முடிந்தவரை மெதுவாக, மகன் பக்கத்தில் வைத்தார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று கண்ணைத் துடைக்கிறீர்களா? துடையுங்கள், கண்ணாடி வேண்டுமென்றால் கடை திறந்துதான் இருக்கிறது. பத்தே நாளில் அங்கே இப்படிப் பேச்சுக் கேட்டது: "இடது கண்ணை மூடிக்கிட்டு மூணாவது வரியைப் படிங்க. அந்த கோச் இருக்காரே, பதினொரு செகண்டை வச்சுக்கிட்டு அப்படி ஒரு பிளான் யாராவது போடுவாங்களா?" ஒரு மாற்றம் மட்டும் உண்டு. கையில் கடிகாரம் இல்லை. யாராவது மணி கேட்டால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பப் போகிறீர்கள். ஒரு நிமிடம். அந்தப் பையன் நடுக்கோட்டிலிருந்து வீசியபோது, "அட, இன்னும் கொஞ்சம் தட்டிக்கிட்டே நின்னிருக்கலாமே" என்று உங்களுக்குள் யாரோ எழுந்து நின்றாரே, அவர் யார்? எத்தனை நிமிடம் களத்தில் ஆடியவர் நீங்கள்? சரி, போகட்டும், மூன்றாவது வரிசையில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். வருவதற்கு முன்னால் வீட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நீங்கள் எண்ணுவதைச் சரியென்று நம்பிக்கொண்டு அங்கே யாராவது பந்தோடு நிற்கிறார்களா என்று.