மைத்துனரின் தலை வெட்டுப்பட்ட விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்கள் நலமா என்று கேட்கவில்லை. நேற்று போனில் போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "என் தலை எங்கய்யா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்த ஆல்பம் பக்கத்தைக் குழுக்காரர்கள் படம்பிடித்து எல்லோருக்கும் அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தங்கை, ஸ்டேஷனரி கடை மாடியில் கூடும் ஆல்பம் குழுவில் இருந்தாள் அல்லவா? மாதம் ஒரு போட்டி, மாதம் ஒரு தலைப்பு. வீட்டுப் போட்டோக்களை வெட்டி, வண்ணக் காகிதம், ரிப்பன், பித்தான் எல்லாம் ஒட்டி ஒரு பக்கம் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கத்தரியோடு இருந்தவள், பாதி ஆல்பத்தில் போய்விட்டாள். காரியம் முடிந்து நீங்களெல்லாம் ஊர் திரும்பிய வாரமே அவள் பெயருக்கு அட்டை வந்தது. இந்த மாதத் தலைப்பு: தண்ணீர். தூக்கிப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. அவளுக்குப் பதில் நானே ஒட்ட உட்கார்ந்தேன்.

லிப்ட் ரிப்பேர் பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். கிரீஸ் தெரியும், கோந்து தெரியாது. குப்பியை அழுத்தினேன், வரவில்லை. ஊசியால் குத்தினேன், மொத்தமும் வந்தது. ரிப்பன் விரலில் ஒட்ட, விரல் மேஜைவிரிப்பில் ஒட்ட, விரிப்பை இழுத்ததில் காபி அவளுடைய பித்தான் டப்பாவுக்குள் போய்விட்டது. இந்த லட்சணத்தில்தான் நெளிநெளியாக வெட்டும் கத்தரியை எடுத்தேன். நம்ம பாப்பா சின்னப் பொண்ணா இருந்தப்ப நாம கடற்கரைக்குப் போன போட்டோ. நீங்க, அவ, பாப்பா, மூணு பேரும் கணுக்கால் தண்ணியில. நான் வெட்டின வட்டத்துக்குள்ள அவளும் பாப்பாவும் அடங்கிட்டாங்க. அவ காதோரம் சாஞ்சிருந்த உங்க தலை மட்டும் இடிச்சுது. கத்தரி சொன்ன பேச்சு கேக்கல. இப்ப அவ தோள்மேல உங்க கை மட்டும் நிக்குது. தலையைப் பத்திரமாத்தான் வெச்சேன். மறுநாள் பேங்க்ல கவுன்ட்டர் பொண்ணு, "சார், உங்க முழங்கையில யாரோ இருக்காரு"ன்னு சொன்னப்பதான் எங்க வெச்சேன்னு தெரிஞ்சுது. உரிச்சேன். காகிதம் வந்துது, மூஞ்சி வரல.

குழுத் தலைவி அம்மா பக்கத்தைப் பார்த்தார். "நல்லாருக்குங்க. கீழ நாலு வரி எழுதணுமே. எதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க?" என்றார். பல் எடுப்பாக இருக்கிறதென்று வாயைப் பொத்தித்தானே அவள் சிரிப்பாள்? இந்த ஒரு படத்தில்தான் வாய் கொள்ளாத சிரிப்பு. நீங்கள் காதில் ஏதோ சொல்லியிருக்கிறீர்கள். கேமராவோடு எட்ட நின்ற எனக்குக் காற்றில் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தேன், எனக்காக அவ ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல மச்சான். பொறாமைன்னே வெச்சுக்குங்க. பேச ஆளில்லாத வீட்டுல உக்காந்து, என்ன சொல்லியிருப்பீங்கன்னு அதையே பாத்துக்கிட்டிருக்கேன். என்ன சொன்னீங்கன்னு எழுதுங்க. அதைப் போட்டு ஆல்பத்தை மூடிடறேன். கத்தரி, காகிதம் எல்லாம் உங்க வீட்டுக்கே அனுப்பிடறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். தங்கள் சிரசு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தலைக்குப் பொறுப்பாளி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பாப்பா வந்தாள். பாப்பாவுக்கே இப்போது நரை. பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மாமா ஜோக்கெல்லாம் சொல்லலப்பா. உங்க பின்னாடி ஒரு நாய் உங்க செருப்பைக் கவ்விக்கிட்டு ஓடிச்சு. அம்மா சொல்ல வாயெடுத்தாங்க. 'சும்மா இரு, எடுத்து முடிக்கட்டும்'னு மாமா காதுல சொன்னாரு. அம்மா உங்களப் பாத்துதான் சிரிச்சாங்க" என்றாள். அன்று நான் ஒற்றைச் செருப்போடு வீடு வந்தேன். அலைதான் கொண்டு போயிருக்கும் என்று கடைசிவரை சாதித்தாள், பாவி. ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பதில் வேண்டாம், கத்தரியும் வராது. நாலு வரிக்குப் பதிலாக ஒரே வரி எழுதினேன்: "எதிரில் நிற்பது நான்." அதை எழுதி முடிப்பதற்குள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.