பத்தாம் அத்தியாயத்து நாற்காலி

ஐயா, அம்மணி, வணக்கம். நாவல் எழுத முற்படுகிறவன் தன் கதாநாயகனைவிட ஓரங்குலமேனும் உயர்ந்தவனாக இருத்தல் நலம். அடியேன் எவ்வளவு குள்ளம் என்பது, பெண் கேட்ட வீட்டில், அந்தப் பெண்ணின் கண்ணெதிரிலேயே அளந்து காட்டப்பட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. மல்லசமுத்திரத்தில் ஒரு தானிய மண்டியில் வேலை. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சமெல்லாம் பொட்டலக் காகிதம் தந்த கல்வி. அக்கல்வியின் பலத்தில், வெள்ளை நிறத்தவர் கறுப்பு நிறத்தவரை இழிவு செய்யும் கொடுமை குறித்து ஒரு நாவல் தொடங்கினேன். மலைமேல் காப்பித் தோட்டத்துத் துரையிடம் ஊழியம் செய்பவன், 'நான்' என்று தன் கதையைத் தானே சொல்கிறான். அடிமையாய்த் தொடங்கி ஆண்மகனாய் முடிவான் என்பது என் திட்டம்.

ஞாயிறுதோறும் பழனியப்பரின் தறிக்கூடத்தில் ஓர் அத்தியாயம் வாசிப்பேன். நெசவாளர்கள் நெய்துகொண்டே கேட்பார்கள். கதை பிடித்துவிட்டால் தறிச் சத்தம் தானாக நிற்கும் என்பார்கள். (எனக்கு நின்றதில்லை.) பழனியப்பரின் மகள் வள்ளியம்மாள் ஓரமாக அமர்ந்து ராட்டையில் நூல் சுற்றுவாள். அவளைத்தான் பெண் கேட்டிருந்தேன். "கதை முடியட்டுங் தம்பி, ஆளு எப்படின்னு தெரிஞ்சு போகும்" என்றிருந்தார் தகப்பனார்.

ஒன்பதாம் அத்தியாயம் முடிந்ததும் வள்ளியம்மாள் ராட்டையை நிறுத்தினாள்.

"ஏனுங்க, தொரை வையறப்பல்லாம் இந்த ஆளு பல்லக் கடிக்கறாரு. ஒம்பது வாரமாக் கடிக்கறாருங்க. இன்னும் பல்லு மிச்சமிருக்குதுங்களா?"

தறிகள் நின்றன, சிரிப்பதற்காக.

"அடுத்த வாரம் பாருங்க அம்மணி. தொரைக்கு எதுத்தாப்புல நாற்காலி போட்டு உக்காருவான்" என்றேன்.

"அப்ப நானும் அடுத்த வாரமே பதில் சொல்லிப் போடறனுங்க" என்றார் பழனியப்பர்.

அந்த ஞாயிறு, கூடத்திலிருந்த ஒரே நாற்காலியில் அமர்ந்து தொண்டையைச் செருமினேன். வாசலில் ஒரு மோட்டார் கார் ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக ஒரு நிஜத் துரை இறங்கி, காருக்குத் தண்ணீர் வேண்டும் என்று உள்ளே வந்தார். நெசவாளர்கள் தறிக்குழியில் காலை விட்டிருந்தார்கள். எழுந்தால் இழை அறும் என்று ஒருவரும் எழவில்லை. எழுந்தவன் நான் ஒருவனே. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன். தோள் துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தேன். துடைத்து அவர்முன் வைத்தேன். (யாரும் சொல்லவில்லை. கைகளுக்கே தெரிந்திருந்தது.)

"என்ன படிக்கிறது?" என்றார் துரை, அரைகுறைத் தமிழில்.

"கதைங்க தொரை" என்றார் பழனியப்பர்.

துரை என்னைப் பார்த்தார். "நல்லது. நீ உட்கார். படி."

துரையே சொல்லியும் என் முழங்கால் மடங்க மறுத்தது. நின்றபடி வாசித்தேன். 'துரைக்கு எதிரே நாற்காலியில் கம்பீரமாக அமர்ந்தேன்' என்று எழுதியிருந்தது. வாயில் வந்ததோ, "துரைக்கு எதிரே கம்பீரமாக நின்றேன்."

"உக்காருவாருன்னு சொன்னீங்களே?" என்றாள் வள்ளியம்மாள்.

"நாற்காலி காலியா இல்லீங்க அம்மணி."

"காலியாத்தானுங்க கெடக்குது."

ஆம், காலியாகத்தான் கிடந்தது. துரையும் அதில் உட்காரவில்லை. தண்ணீர் வந்ததும் நன்றி சொல்லிப் போய்விட்டார்.

"கதையில வாறவனும் வளரலீங் தம்பி, எழுதறவரும் வளரலீங்" என்று பழனியப்பர் பெருமூச்சு விட்டு மகளைப் பார்த்தார். அவள் ராட்டையைச் சுற்றியபடியே சொன்னாள்: "இன்னொருக்கா எழுதிட்டு வரச் சொல்லுங்கப்பா. இப்ப நடந்ததையே எழுதட்டும்."

எழுதினேன். 'கம்பீரமாக' என்ற சொல்லை அடித்து நீக்கினேன். ஒருவரும் அதட்டாமலே நாற்காலியைத் துடைத்து நீட்டியவனை எழுதினேன். தன் கைகளைத் தானே பார்த்து நாணியபோதுதான் அந்த 'நான்' வளரத் தொடங்கினான். அதை வாசித்த அன்று தறிகள் ஒவ்வொன்றாக நின்றன, எவரும் சிரிக்கவில்லை. அந்த மௌனத்துக்கு ஈடான பரிசு பின்னர் நான் பெற்றதில்லை என்பதைப் பெருமையுடனே சொல்வேன். தை மாதம் திருமணம்.

நாவல் அச்சேறவில்லை. ஆயினும் இன்றளவும் எங்கள் வீட்டுக்குத் தாசில்தார் வந்தாலும், சம்பந்தி வந்தாலும், முதல் நாற்காலி எனக்குத்தான் போடப்படும். "உக்காருங்க, பத்தாம் அத்தியாயம்" என்பாள் வள்ளியம்மாள். பேரன் பேத்திகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் நிமிர்ந்தே அமர்கிறேன்.

அச்சேறாத அந்த நாவலுக்குப் பதிலாக இக்கதையையேனும் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.