நடந்தால்தான் பதில் வரும்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கல்லூரியில் நான் நடைப் போட்டியில் சேர்ந்தது அதன் மேல் இருந்த ஆசையால் அல்ல. அதில் ஆள் குறைவு. நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க ஒரு கூட்டமே நின்றது. நடைக்கு ஈ காக்கை இல்லை. மண்டலப் போட்டிக்கு மொத்தமே நாலு பேர்தான் வருவார்கள், மெடல் மூன்று என்று பி.டி. மேடம் சொன்ன நிமிஷத்தில் எனக்குள் ஒரு வீராங்கனை பிறந்துவிட்டாள். (கணக்கில் நான் எப்போதுமே கெட்டி.)

நடைப் போட்டியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலை முட்டி மடங்காமல் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்துகொண்டே வேகமாகப் போனால் இடுப்பு தன்னால் ஆடும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் அது ஓட்டம். அதைப் பார்த்த நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று நடுவர்கள் எழுதினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

தினமும் காலை ஐந்தரை மணிக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலையில் பயிற்சி செய்வேன். முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் போகிற நேரம். பழகிய டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். புது டிரைவர்கள்தான் பிரேக் போட்டு, "ஏறிக்கோம்மா, கேட்டு மூடிடப் போறான்" என்று இரக்கப்படுவார்கள். ஒருவர் மட்டும் இறங்கியே வந்து, "இடுப்புல அடி கிடி பட்டுக்கிச்சா?" என்று விசாரித்தார்.

இப்படியே ஆறு மாதம் போனதில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. எனக்கு நிஜமாகவே நடை பிடித்துப்போயிற்று. வீட்டில் இருந்தால் அம்மா ஏதாவது வேலை சொல்வாள், கல்லூரியில் இருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். அந்தச் சாலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதை விட்டுவிடச் சொன்னால் அழுதிருப்பேன்.

விடச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் நைனா. (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆந்திரா எங்களுக்குக் கூப்பிடு தூரம்.) நைனா இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் ஆப்பரேட்டர். நான் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்த அன்றே எனக்கு ஏதோ ஒரு கம்பெனி லேபில் நாற்காலி போட்டுவிட்டவர்.

"நானு நெருப்பாண்ட நின்னுகினு வேல செய்றேன். நீ ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேல செய்யணும், அவ்ளோதான்" என்றார். "நடக்காதன்னு சொல்லல. ஆனா ஒரே ஒரு அரியர் வந்துச்சின்னு வையி, ஷூவ புடுங்கி பரண் மேல போட்டுடுவேன்."

நைனா சொன்னால் சொன்னதுதான். அரியர் வந்தால் நடை போச்சு.

மூன்றாவது செமஸ்டர் முடிகிற சமயம். மண்டலப் போட்டியும் பிராக்டிகல் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி, நடுவில் வகுப்பு. புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்கியது. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய இருபத்திரண்டு கேள்விகளையும் பதில்களையும் என் குரலிலேயே செல்போனில் பதிவு செய்து, காதில் மாட்டிக்கொண்டு நடந்தால் என்ன? ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சமையலறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்தேன். மூன்று வாரம் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். அப்புறம் காதில் போனே வேண்டியிருக்கவில்லை. கால் நடந்தால் வாய் தானாகச் சொல்லும். உலகத்தில் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று இறுமாந்து திரிந்தேன். ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பது பிறகு புரிந்தது.

போட்டி புதன்கிழமை, திருவள்ளூரில். பிராக்டிகல் வியாழக்கிழமை. நைட் ஷிப்ட் முடித்து வந்த நைனா முகத்தைக் கழுவிக்கொண்டு பைக்கில் என்னை ஏற்றி, பெரியபாளையம் வழியாகக் கொண்டுபோய் மைதானத்தில் சேர்த்தார். என் போனை அவரிடம் கொடுத்துவிட்டுக் களத்தில் இறங்கினேன்.

ஐயாயிரம் மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று. எதிர்பார்த்தபடி நாலே பேர். ஒன்பது சுற்று முடிந்தபோது நான் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது! மனதுக்குள் பதினாறாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் கச்சிதமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்திருக்கிறது. பேசியது என் லேப் தோழி யாமினி. வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு வியாழக்கிழமை வேறு வேலை வந்துவிட்டதாம். பிராக்டிகலை இன்றைக்கே, பதினொன்றரைக்கு மாற்றிவிட்டார்களாம். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட நைனா, வேலி ஓரமாக நின்று, உருட்டாலைச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டையைத் திறந்தார்.

"ஏ எஸ்தரு, இன்னிக்கே பரிச்சையாம், பதினொன்னரைக்கு. இன்னா ஆடி அசைஞ்சிகினு வர்ற? ஓடியாடி!"

பெற்ற தகப்பன் ஓடு என்று கத்தும்போது பிள்ளையின் கால் என்ன செய்யும்? ஓடியது. நான் ஓடவில்லை, கால்கள் ஓடின. நூற்றைம்பது மீட்டர் ஓடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்ணையும் தாண்டி முதலாவதாக வந்துவிட்டேன். அந்த வழியில் மூன்று நடுவர்கள் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் எழுதினார்கள். தலைமை நடுவர் சிவப்பு அட்டையோடு எதிரில் வந்து, "போதும்மா, வெளியே வா" என்றார். கோபத்தைவிட அவர் முகத்தில் வியப்புதான் அதிகம் இருந்தது.

பைக்கில் ஏறியதும் ஆரம்பித்தேன். "ஓடுன்னு ஏன் நைனா கத்துன?"

"பரிச்சைக்கு லேட்டாவுதேன்னு கத்துனேன். ஓடுனா தப்புன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

"ஒரு வருஷமா சொல்லிகினு இருக்கேனே."

"நீ சொல்லுவ. நானு தூக்கத்துல கேட்டிருப்பேன்."

ஊத்துக்கோட்டைச் சாலை வரும்வரை ஹெல்மெட்டுக்குள் அழுதேன். மெடல் போனது போகட்டும், இந்தப் பிராக்டிகலும் போனால் ஷூ பரணுக்குப் போய்விடும். (ஹெல்மெட்டுக்குள் அழுதால் மூக்கைத் துடைக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.)

லேபுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பது. டிராக் பேண்ட்டுக்கு மேலே வெள்ளைக் கோட், நெஞ்சில் இன்னும் ஊக்கு குத்திய போட்டி எண். எங்கள் லேப் மேடம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உள்ள போ, அப்புறம் பேசிக்கிறேன்" என்றார். எனக்கு விழுந்தது பெர்மாங்கனேட் டைட்ரேஷன். பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து ஊதா நிறத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட வேண்டும். குடுவையில் இருப்பது இளம் ரோஜா நிறத்துக்கு மாறும் கணத்தில் குழாயை மூட வேண்டும். ஒரு சொட்டுக்கு மேல் போனால் கெட்டது. அதை ஒருவழியாக முடித்தேன். வைவாவுக்குக் கூப்பிட்டார்கள்.

தேர்வாளர் நல்ல மனிதர். அதுதான் என் கெட்ட நேரம். வேர்த்து விறுவிறுத்து நின்ற என்னைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. மற்றவர்களையெல்லாம் நிற்க வைத்துக் கேட்டவர், எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா. பதட்டப்படாத. சுலபமாவே கேக்கறேன். இந்த டைட்ரேஷன்ல இண்டிகேட்டர் ஏன் போடறதில்ல?"

இது என் பதிவில் ஏழாவது கேள்வி. மூன்று வாரம் நடந்து நடந்து தேய்த்த கேள்வி. வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை. உள்ளே தேடினேன், துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. இன்னும் சுலபமாக ஒன்று கேட்டார், அதுவும் வரவில்லை. சோதனை மேடைக்குக் கீழே என் கால்கள் மட்டும் தவித்தன. இடுப்பு ஸ்டூலிலேயே ஆட ஆரம்பித்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாத்ரூம் போகணும்னா போய்ட்டு வாம்மா, தப்பில்ல" என்றார்.

லேப் மேடம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பரண் மேல் கிடக்கும் ஷூ என் கண்ணில் தெரிந்தது. மானமா ஷூவா என்று வந்தபோது ஷூவைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

"சார், நடந்துகினே சொல்லட்டுமா?"

"என்னது?"

"நடந்தாதான் சார் எனக்கு வரும்."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கூரையைப் பார்த்தார். "சரி, நட" என்றார் அவர்.

லேபின் நடுவே நீளமான மேடைகள் இரண்டு. சுற்றிவர இடம் இருந்தது. எழுந்து நடந்தேன். எனக்குச் சாதாரணமாக நடந்தும் பதில் வராது. போட்டி நடைதான், முட்டி மடங்காமல், முழங்கை வீசி, இடுப்பை ஆட்டி. நாலாவது அடியில் வாய் திறந்துகொண்டது. ஆனால் ஏழாவது கேள்விக்கு நேராகப் போக முடியவில்லை. முதல் கேள்வியிலிருந்துதான் வந்தது. மோலாரிட்டி என்றால் என்ன, நார்மாலிட்டி என்றால் என்ன என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டு முதல் சுற்றை முடித்தேன். இரண்டாவது சுற்றில் ஆறாவது கேள்வி.

"ஆக்ஸாலிக் அமிலத்தை ஏன் சூடாக்குகிறோம்? சாதாரண வெப்பத்தில் வினை மெதுவாக நடக்கும் என்பதால், எஸ்தரு, அடுப்புல பாலு பொங்குதா பாருடி, பாத்துகினுதாம்மா இருக்கேன், சும்மா கத்தாத, அறுபது டிகிரிக்குச் சூடாக்குகிறோம். ஏழாவது கேள்வி..."

பதிவு செய்தபோது குறுக்கே வந்த அம்மாவையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறேன். அம்மாவின் வரியை அம்மாவின் குரலிலேயே சொன்னதாகப் பிறகு யாமினி சாட்சி சொன்னாள். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும் என்கிற பயத்தில் நான் நிற்கவில்லை. "பெர்மாங்கனேட்டின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் தனியாக இண்டிகேட்டர் தேவையில்லை" என்று முடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து பிரேக் போட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பியூரெட்டைத் திறந்து விட்டபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டுக் குடுவைகளில் கரும் ஊதா. "பாவி, உன்ன பாத்துகினு இருந்ததுல மொத்தமும் இறங்கிடுச்சிடி" என்று யாமினி பல்லைக் கடித்தாள்.

தேர்வாளர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பால் பொங்கிடுச்சா?" என்று கேட்டார்.

"பொங்கிடுச்சு சார்."

"சரி, இப்ப நின்னுக்கிட்டே ஒண்ணே ஒண்ணு சொல்லு. சல்பியூரிக் ஆசிடுக்குப் பதிலா ஹைட்ரோகுளோரிக் ஆசிட ஊத்திட்டா, பெர்மாங்கனேட் அதிகமா செலவாகுமா, கம்மியா செலவாகுமா?"

இது என் இருபத்திரண்டில் இல்லை. நடந்தும் பயனில்லை. வேறு வழியில்லாமல், செமஸ்டரிலேயே முதல் முறையாக, யோசித்தேன். "அதிகமா செலவாகும் சார். அந்த ஆசிடும் கொஞ்சம் குடிச்சிடும்."

"குடிச்சிடும்னு பேப்பர்ல எழுதி வைக்காத" என்று சொல்லி மார்க் போட்டார்.

பாஸ். ஆனால் எட்டுப் பேரும் மறுபடி முதலிலிருந்து செய்து முடிக்கும்வரை எல்லாருடைய குடுவையையும் நான்தான் கழுவ வேண்டும் என்று மேடம் தீர்ப்புச் சொன்னார். கழுவி முடித்து வெளியே வந்தபோது நைனா பைக் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி நடந்ததைச் சொன்னேன். பைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, "நானு கத்தாம இருந்திருந்தா மெடலு வந்திருக்கும் இல்ல?" என்றார்.

"ஆமா" என்றேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. ராத்திரி முழுக்க நெருப்பருகே நின்றுவிட்டு, எனக்காக ஒரு வேலி ஓரத்தில் தூங்காமல் நின்ற மனிதர்.

அடுத்த வருஷமும் வந்தார். முதல் சுற்று தொடங்கியதும் தோளில் இருந்த துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு, பன்னிரண்டரைச் சுற்றும் முடியும்வரை எடுக்கவே இல்லை. மூன்றாவதாக வந்தேன். (நாலு பேரில்தான்.)

நைனா போட்ட நாற்காலி கிடைத்துவிட்டது. இப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் லேபில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் வேலை. ஆனால் அந்த வைவா மட்டும் என்னை விடவில்லை. மணவாள நகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா ஏதோ கேட்க, கூச்சத்தில் நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். நைனா சும்மா இருக்கக் கூடாதா? "உக்கார வச்சிக் கேட்டா அதுக்கு ஒண்ணும் வராதும்மா. எய்ந்து ரெண்டு ரவுண்டு வரச் சொல்லுங்க" என்று முழுக் கதையையும் பாலோடு சேர்த்து ஊற்றிவிட்டார். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் பீரோ சாவி எங்கே என்று கேட்கும்போது நான் திருதிருவென்று விழித்தால், அவர் எழுந்து, ஹாலில் இருக்கும் நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஓரமாக நகர்த்தி வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வார்த்தை திட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் நடக்க ஆரம்பிப்பேன். இரண்டாவது சுற்றில் சாவி இருக்கும் இடம் ஞாபகம் வந்துவிடும்.