ஓய்வுக்கு ஒரு முத்திரை

நெடுவழி நடந்து வரும் யாத்திரிகர்களின் உடல்நலத்தைக் கனிவுடன் பரிசீலித்து, அந்த மாநகரம் ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. எவரும் அங்கே ஒரு நாள் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். எடுத்ததற்கு அடையாளமாக அவரவர் நடைப் புத்தகத்தில் ஒரு முத்திரை குத்தப்படும். முத்திரை இல்லாதவர், இன்னும் பத்து நாள் நடைத் தொலைவில் இருக்கும் சந்நிதியின் வாசலில், நடக்காதவராகவே கருதப்படுவார்.

ஆணையைப் படித்ததும் தையற்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. காலமெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்தே பழகிய மனுஷர், பதினெட்டு நாளாக ஊன்றுகோலோடு நடக்கிறார். ரெண்டு காலிலும் சேர்த்து ஒன்பது கொப்புளம். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வீடு திரும்பினால் நடந்தே வருகிறேன் என்று வேண்டியிருந்தார். அவள் திரும்பிவிட்டாள். இனி இவர் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

"ஒரே ஒரு நாள் காலை நீட்டிப் படுத்தாப் போதும்டா மச்சான்," என்றார், கூட வந்த மனைவியின் தம்பியிடம். "மிச்சத்தை ஒரே மூச்சுல நடந்துடுவேன்."

விடுதிக் கட்டிலில் படுத்தபடியே மச்சான் அறிவிப்பைப் படித்தான். "படுக்கறதுக்கு முன்னாடி படிவம் வாங்கணுமாம் மாமா. ஓய்வெடுக்கிறவரே நேர்ல போகணுமாம். முதல்ல உங்களுக்கு ஆகட்டும், அப்புறம் நான் போறேன்."

மச்சான் கையில், போடும் அடிகளை எண்ணும் கடிகாரம் ஒன்று இருந்தது. இப்போது எல்லார் கையிலும் அதுதான். அன்றன்றைய கணக்கை அவன் சிநேகிதர்களுக்கு அனுப்பாவிட்டால் யாத்திரைப் புண்ணியம் செல்லாது என்பது அவன் கட்சி. "எப்படியும் நடக்கத்தானே போறீங்க, இதையும் கட்டிக்கிட்டுப் போங்க," என்று மாமன் மணிக்கட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

ஓய்வுத்துறை அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓய்வில் இருந்தது. குமாஸ்தா தலை நிமிரவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஊன்றுகோல், தூசி படிந்து சாய்ந்திருந்தது.

"களைப்பா இருக்கீங்கன்னு டாக்டர் சான்று வேணும்."

"இந்தக் காலைப் பாருங்க சார்!"

"நான் பார்த்தா அது வெறும் கால். டாக்டர் பார்த்தாத்தான் களைப்பு."

"எங்க இருக்காரு?"

"பக்கம்தான். நடந்தே போயிடலாம்."

அந்தப் பக்கம் ஊரின் மறுகோடியில் இருந்தது. டாக்டர் அறை மூலையிலும் ஓர் ஊன்றுகோல். "எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். நடந்து வந்ததாகச் சொன்னார் தையற்காரர். "நடந்து வந்தவருக்கு எங்கேய்யா களைப்பு?" என்று டாக்டர் மூடியைப் போட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டார். தையற்காரர் வெளியே போய், வாசலில் நின்ற ரெண்டு பேரைப் பிடித்து, கைத்தாங்கலாக மறுபடி உள்ளே வந்தார். களைப்பு உறுதி செய்யப்பட்டது.

பிறகு, படுத்த நிலையில் எடுத்த போட்டோ ரெண்டு கேட்டார்கள். போட்டோ கடைக்காரர் தன் கடைத் தரையில் இவரைப் படுக்கவைத்து, ஸ்டூல்மேல் ஏறி எடுத்தார். அந்த அரை நிமிஷம்தான் அன்று அவர் படுத்தது. அப்படியே தூங்கிவிடலாமா என்று இருந்தது அவருக்கு.

மறுபடி மூன்றாவது மாடி. "நாலு மணிக்கு ஆய்வாளர் விடுதிக்கு வந்து, நீங்க ஓய்வா இருக்கறதை நேர்ல பார்ப்பார்," என்றார் குமாஸ்தா. "இப்பவே மணி மூணே முக்கால். ஓடிப் போய்ப் படுங்க."

ஓடினார். கட்டிலில் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் வந்தார். தங்கமான மனுஷர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். படிவத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், முத்திரையைக்கூட வெளியே எடுத்துவிட்டார். அப்புறம்தான் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இருபத்தெட்டாயிரம் அடி! ஓய்வு நாளில் இவ்வளவு நடக்கலாமா?"

"ஐயையோ, ஓய்வு வாங்கத்தான் சார் நடந்தேன்!"

"காரணத்தைக் கடிகாரம் எழுதலையே. நாளைக்குப் புதுப் படிவம் போடுங்க."

தையற்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "இதுவரைக்கும் இந்த முத்திரையை வாங்கினவங்க யாராவது உண்டா சார்?"

ஆய்வாளர் யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"அப்ப வந்தவங்கல்லாம் என்ன ஆனாங்க?"

"குமாஸ்தா ஆறு வருஷம் முந்தி வந்தவர். டாக்டர் அவருக்கு அடுத்த வருஷம். நானும் ஒரு நாள் ஓய்வுக்குத்தான் வந்தேன்." ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "ஓய்வு மீறல் பிரிவுல ஒரு இடம் காலி. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை."

"உட்கார்ந்தா?"

"மெத்தை வச்ச நாற்காலி."

தையற்காரர் தன் கால்களைப் பார்த்தார். கொப்புளம் ஆறும்வரைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மச்சான் கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு மறுநாளே ஊருக்குப் பஸ் ஏறினான்.

கொப்புளம் பத்தே நாளில் ஆறிவிட்டது. மனைவி போனில் கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஓய்வுலதான் இருக்கேன்," என்றார். பொய்யில்லை. அவருடைய ஊன்றுகோலிலும் தூசி படிந்தது. மூன்று மாதத்தில், ஆளுக்குப் பொறுமை போதாது என்று குமாஸ்தாவை மாற்றிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த சன்னலையும் இவரிடமே கொடுத்தார்கள்.

ஒரு நாள் சன்னலுக்கு வெளியே யாரோ மூச்சிரைக்க வந்து நின்றார்கள்.

"டாக்டர் சான்று வேணும்," என்றார் தையற்காரர், நிமிராமல்.

"என் வீட்டுக்காரர் நல்லபடியாத் திரும்பி வரணும்னு வேண்டிக்கிட்டு நடந்து வர்றேன்," என்றது ஒரு குரல். "பதினெட்டு நாள் ஆச்சு. கால் ரெண்டும் கொப்புளம்."

அவர் நிமிர்ந்தார். மனைவி. ஆஸ்பத்திரியில் இருந்ததைவிட இளைத்திருந்தாள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவளுக்குப் பின்னால் வரிசையில் பதினைந்து பேர், இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மெல்ல உட்கார்ந்தார்.

"சொந்தக்காரங்கன்னு விதியைத் தளர்த்தினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார் தாழ்ந்த குரலில். "டாக்டர் பக்கம்தான். நடந்தே போயிடலாம்."